ஆடு படுத்த நிலம்

செம்பொட்டலில் நிலம் வளர ஆரம்பித்தது ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதை முதலில் கண்டுபிடித்தது ஜெயமேரி வீட்டுக் கொடிக்கயிறு. முந்தின நாள் சாயங்காலம் வரை இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொய்ந்து தொங்கிக்கொண்டிருந்த கயிறு, விடிந்து பார்த்தால் விறைத்துக்கொண்டு நின்றது. அவள் கண்ணெதிரிலேயே பட்டென்று அறுந்து, புருஷனுடைய நாலு முழ வேட்டியையும் அவளுடைய இரண்டு நைட்டிகளையும் ஆட்டுப் புழுக்கை மேல் போட்டது. ஜெயமேரி முதலில் கயிற்றைத் திட்டினாள், பிறகு அதை வாங்கிவந்த புருஷனைத் திட்டினாள், பிறகு ராத்திரி அங்கே படுத்திருந்துவிட்டு அப்போதுதான் எழுந்து உடம்பை உதறிக்கொண்டிருந்த நூற்று நாற்பது செம்மறிகளையும் மொத்தமாகத் திட்டினாள். புருஷன் ஆரோக்கியசாமி திட்டை வாங்கிக்கொண்டே கம்பத்துக்குக் கம்பம் நடந்து பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் முன்னும் பின்னும் நடந்து டிக்கெட் கிழித்த கால் அது, பொய் சொல்லாது. பதினெட்டு அடி இருந்த இடத்தில் இருபத்தோரு அடி இருந்தது.

"மேரி, நம்ம எடம் வளந்துருக்கு" என்றார்.

"மொதல்ல வேட்டிய எடுத்து அலசுங்க" என்றாள் ஜெயமேரி.

ஆடுகள் அங்கே வந்ததற்குக் காரணம் ஒரு முருங்கைக் கன்று. மதுரையை விட்டு நாற்கரச் சாலையில் பதினெட்டுக் கிலோமீட்டர் வந்தால் செம்பொட்டல். சாலையிலிருந்து அய்யனார் கோயில் வரை முப்பது ஏக்கரில் பூமிநாதன் என்கிற புரமோட்டர் போட்டிருந்த மனைப்பிரிவுக்குப் பெயர் புல்வெளி நகர். புல்வெளி நகரில் புல் கிடையாது. மனை பார்க்க வருகிறவர்கள் செருப்பில் சேறு ஒட்டக் கூடாதென்று பூமிநாதன் முப்பது ஏக்கருக்கும் கிராவல் அடித்து ரோலர் விட்டிருந்தார். அதில் மழைத்தண்ணீரே இறங்காது, முருங்கை வேர் எங்கே இறங்கும்? நாலு கன்று வைத்து நாலும் பட்டுப்போன பிறகு, ஊர்க்காரர்கள் வயலுக்குச் செய்கிறதை ஆரோக்கியசாமி தன் வீட்டுமனைக்குச் செய்தார். கீதாரி சேதுராக்கைக் கூப்பிட்டு ஒரு நாள் கிடை போடச் சொன்னார். வலை கட்டி ஆடுகளை ஒரு ராத்திரி ஒரு நிலத்தில் படுக்க வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எரு, அதுதான் கிடை. மந்தையை ஓட்டிக்கொண்டு காடு காடாக நடக்கிற தலைவர்தான் கீதாரி. சேதுராக்கு, புருஷன் செத்த பதினாறாம் நாள் அவன் கம்பைத் தன் கையில் எடுத்துக்கொண்ட பொம்பளை கீதாரி. விளக்குக் கம்பங்களுக்கு நடுவே கிடை போடச் சொல்கிறாரே என்று அவள் சிரித்தாள். ஆனால் போட்டாள், ஏனென்றால் அன்றைக்கு அவளுக்கும் ஆடுகளைப் படுக்க வைக்க வேறு இடம் இல்லை.

நிலம் வளர்ந்தால் சர்வேயரைத்தானே கூப்பிட வேண்டும்? சர்வேயர் தமயந்தி அதே புல்வெளி நகரில் பன்னிரண்டாம் மனையில் குடியிருந்தாள். தாலுகா ஆபீசில் பதினொரு வருஷ சர்வீஸ், புருஷனுக்குத் திருப்பூரில் வேலை, மாதம் இரண்டு முறை வருவான். பல்கூட விளக்காமல் நிலம் அளக்கிற செயினை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு முனையை ஆரோக்கியசாமி கையில் கொடுத்து அளந்தாள். முப்பதுக்கு நாற்பது என்று பட்டாவில் இருந்த மனை, முப்பத்தைந்துக்கு நாற்பத்தேழு இருந்தது. பக்கத்து மனைகளை அளந்தாள். யாருக்கும் ஒரு விரற்கடை குறையவில்லை. ஆபீசுக்குப் போய்ச் செயற்கைக்கோளைப் பார்த்து அளக்கிற கருவியைக் கொண்டுவந்து வைத்தாள். அது மட்டும் முப்பதுக்கு நாற்பது என்றே அடம்பிடித்தது.

"மேலேருந்து பாத்தா பழைய அளவு, நடந்து பாத்தா புது அளவு" என்றாள் தமயந்தி.

"நாங்க நடக்குற ஆளுகதானம்மா" என்றார் ஆரோக்கியசாமி. அத்தோடு அந்த விஷயத்தில் செம்பொட்டலுக்கு இருந்த ஆச்சரியமெல்லாம் தீர்ந்துபோனது.

தமயந்திக்கு மட்டும் தீரவில்லை. செயினைச் சுருட்டும்போது அவள் கண் சேதுராக்கைத் தேடியது, கண்டதும் சட்டென்று தாழ்ந்தது. அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஏழு வருஷமாக ஒரு கல் கிடந்தது.

அந்தக் கல்லின் கதை இதுதான். தமயந்தி வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம், செம்பொட்டலில் ஊர் ஆடுமாடு மேய்கிற பொது மேய்க்கால் எங்கே முடிகிறது, பூமிநாதன் வாங்கிய பட்டா நிலம் எங்கே தொடங்குகிறது என்று அளந்து கொடுக்கப் போனாள். வரைபடத்தில் எல்லைக் கல் என்று புள்ளி இருந்த பக்கத்தில், இடுப்புயரத்துக்கு வழவழவென்று ஒரு கருங்கல் நின்றது. பழைய காலத்து எல்லைக் கல் என்று அதையே நம்பி அதிலிருந்து கோடு பிடித்தாள், கையெழுத்துப் போட்டாள். பூமிநாதன் மனைப்பிரிவு போட்டார், ஊரெல்லாம் வாங்கியது, அவளும் வங்கியில் கடன் வாங்கி ஒரு மனை வாங்கி வீடு கட்டினாள். கிரகப்பிரவேசத்தன்று காலையில், பந்தல் காலுக்கு அப்பால் நின்ற அந்தக் கல்லில் ஒரு கிடாய் வந்து கண்ணை மூடிக்கொண்டு முதுகை உரசியது. சும்மா வேடிக்கையாக, அதை ஓட்ட வந்த சேதுராக்கிடம், "இந்தக் கல்லு மேல அதுக்கு என்னக்கா அம்புட்டுப் பிரியம்?" என்று கேட்டாள் தமயந்தி.

"பிரியம் என்ன தாயி, அதுக்குத்தான நட்டுருக்கு! இது ஆவுரிஞ்சிக் கல்லு. மேய்ச்சக் காட்டுல மாடு கண்ணுக்குத் தெனவெடுத்தா ஒரசிக்கிறதுக்கு அந்தக் காலத்துல நட்டு வச்சது. எல்லக் கல்லு அங்கிட்டு, கத்தாழப் பொதருக்குள்ள கெடக்குல்ல" என்றாள் சேதுராக்கு.

தமயந்தி கையில் பாயசக் கிண்ணம் இருந்தது. அதை முழுதாகக் குடித்துவிட்டு, மறுநாள் ஒருவருக்கும் தெரியாமல் போய்க் கற்றாழையை விலக்கிப் பார்த்தாள். அம்புக்குறி செதுக்கிய எல்லைக் கல் உள்ளே சமர்த்தாக நின்றது. கணக்குப் போட்டாள். பதினோரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட். மாடு முதுகு சொறிகிற கல்லை எல்லை என்று நம்பி, ஊர் மேய்க்காலில் பதினோரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட்டைத் தூக்கிப் பூமிநாதனிடம் கொடுத்திருக்கிறாள். தன் வீடே அதன் மேல்தான் நிற்கிறது. சொன்னால் வேலை போகும், வீடு போகும், மனை வாங்கிய முந்நூறு குடும்பமும் தெருவுக்கு வந்து அவளைத் தேடும். அவள் சொல்லவில்லை. வீட்டு வாசலில் மண் தெரிந்தால், அதில் ஒரு புல் முளைத்தால், அவளுக்கு மேய்க்கால்தான் தெரிந்தது; அதனால் மனை முழுவதும், சுவரிலிருந்து சுவர் வரை, செடிக்கென்று ஒரு சாண் கூட விடாமல் சிமென்ட் போட்டு மூடினாள். இலை குப்பை விழுகிறது, பெருக்க நேரமில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னாள்.

சேதுராக்கு ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் தமயந்திக்கு ஏழு வருஷமாகத் தெரியாத ஒரே அளவு.

ஐந்தாவதாக வைத்த முருங்கைக் கன்று மூன்றாம் வாரம் துளிர்த்தது, அதற்குள் புல்வெளி நகர் முழுவதும் கிடைக்கு வரிசை நின்றது. மனைக்காரர்கள் சங்கத்தில் பெயர் எழுதி, மனை எண் வாரியாக முறை வைத்தார்கள். இன்றைக்கு இருபத்தெட்டு முதல் முப்பது வரை, நாளைக்கு அடுத்த மூன்று என்று ஆடுகள் கல்யாண வீட்டு விருந்தாளி போலத் தெருத் தெருவாக அழைத்துப் போகப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து பைக்கில் வந்து தன் மனை இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள்கூட, அகத்திக் கீரைக் கட்டோடு வந்து ஆடுகளுக்குக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவசரக்காரர்கள் சிலர் வேறு வழியும் பார்த்தார்கள். லாரியில் சாணி கொண்டுவந்து கொட்டிய இடத்தில் நாற்றம் மட்டும் வளர்ந்தது. வெளியூர்ச் சந்தையிலிருந்து பத்து ஆட்டை வாடகைக்குப் பிடித்து மனையில் கட்டிப் போட்ட ஒருவருக்கு, ஆடு ராத்திரி முழுக்கக் கத்தியது, நிலம் அரை அங்குலம் கூட அசையவில்லை. ஆடு தானாக நடந்து வந்து, இடம் பிடித்துப் போய், முன்னங்காலை மடக்கிப் படுத்து, நிம்மதியாக அசை போட வேண்டும். அப்படிப் படுத்த நிலம்தான் விடியும்போது வளர்ந்திருக்கும் என்பதைப் புல்வெளி நகர் இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டது.

சிமென்ட் போட்ட தரையில் ஆடு படுக்காது என்பதையும் கற்றுக்கொண்டது. வாசலுக்கு டைல்ஸ் ஒட்டியவர்கள் டைல்ஸைப் பெயர்த்தார்கள், கார் நிறுத்தத் தளம் போட்டவர்கள் தளத்தை உடைத்தார்கள், முதல் ஆளாகக் கடப்பாரை எடுத்தது பூமிநாதன்தான். சைட் ஆபீஸ் முன்னால் தான் போட்ட கான்கிரீட்டை ஆள் வைத்து அள்ளியெடுத்துவிட்டு, கிராவலையும் வழித்துவிட்டு, ஆடுகளுக்கு வாசலிலேயே தண்ணீர்த் தொட்டி கட்டினார். சுத்தியல் சத்தம் கேட்காத ஒரே மனை பன்னிரண்டாம் மனை. "சர்வேயரம்மாவுக்குப் பேராசையே இல்ல" என்று ஊர் மெச்சியது. தமயந்தி அந்த மெச்சலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனால் வளர்ந்த நிலத்துக்கு ஒரு பிடிவாதம் இருந்தது, அது வேலிக்குள் இருக்காது. ஆரோக்கியசாமி தன் மனையின் புது இடத்தைச் சேர்த்துக் கம்பி வேலி போட்டார். மறுநாள் காலையில் வேலி அப்படியே சுருங்காமல் கிழியாமல் முப்பதுக்கு நாற்பதைச் சுற்றி நின்றது, வளர்ந்த துண்டு வேலிக்கு வெளியே பச்சென்று கிடந்தது. பக்கத்து மனைக்காரர் சந்தோஷமாக அதைத் தன் வேலிக்குள் சேர்த்தார், அதற்கு மறுநாள் அது அவர் வேலிக்கும் வெளியே கிடந்தது. சுவர் கட்டினாலும் அதே கதைதான். ஒரு மாதம் சண்டை நடந்தது, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது, பிறகு எல்லாருக்கும் அலுத்துவிட்டது. மனைக்கும் மனைக்கும் நடுவே, முன்பு பூனை நுழையாத இடத்தில், இப்போது புல் முளைத்த வழி ஒன்று ஓடியது. ஒரு வழி அடுத்த வழியோடு சேர்ந்தது, எல்லா வழியும் சேர்ந்து நாற்கரச் சாலையிலிருந்து அய்யனார் கோயில் வரை போனது. ஒரு பீடி தீருவதற்குள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு இப்போது ஒன்றரை பீடி தேவைப்பட்டது. யாரும் அதற்காக வருத்தப்படவில்லை.

வருத்தப்பட வேண்டியது ஐப்பசியில் வரவில்லை. புல்வெளி நகர் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வழியில் உட்கார்ந்திருந்ததால், வருஷா வருஷம் அடைமழைக்கு முழங்கால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். பீரோவைச் செங்கல் மேல் தூக்கி வைப்பதுதான் அங்கே தீபாவளிக்குப் பிந்திய வேலை. அந்த வருஷம் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது, எல்லாரும் பீரோவைத் தூக்கி வைத்துவிட்டுக் கட்டில் மேல் சம்மணம் போட்டுக் காத்திருந்தார்கள், தண்ணீர் வரவே இல்லை. ஜெயமேரி குடை பிடித்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தாள். தண்ணீர் புல் வழியில் இறங்கி, மிச்சம் மட்டும் கண்மாயைப் பார்க்க நிதானமாக நடந்துகொண்டிருந்தது. நாலாம் நாள் ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டார் போட்ட அடுத்த நொடி தண்ணீர் விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஜெயமேரி கொடிக்கயிறு விவகாரத்துக்காக நூற்று நாற்பது ஆடுகளிடமும் மன்னிப்புக் கேட்டாள், ஒவ்வொன்றாக இல்லை, மொத்தமாக.

இத்தனை ஆன பிறகு பூமிநாதன் தாசில்தாருக்கு மனு கொடுத்தார். வளர்ந்த நிலமெல்லாம் தன் மனைப்பிரிவுக்குள் வளர்ந்தது, மனை வாங்கியவர்களுக்குப் பட்டாவில் உள்ளது போக மிச்சம் மனைப்பிரிவு போட்டவருக்கே சேரும், அதை அளந்து தன் பேருக்குக் கொடுத்தால் புல்வெளி நகர் பகுதி இரண்டு போட்டு ஊரை இன்னும் முன்னேற்றுவதாக மனு சொன்னது. தாசில்தார் மனுவைத் தமயந்தியிடம் நீட்டினார்.

"ஒரு வாரத்துல அளந்து, இது யார் நிலம்னு எழுதிக் குடுத்துருங்கம்மா. நீங்க என்ன எழுதுறீங்களோ அதான்."

அன்று சாயங்காலமே பூமிநாதன் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது; எதைப் பார்த்தாலும் அறுபதுக்கு நாற்பதாகத் தெரிகிற கண், அவ்வளவுதான். "என் நெலத்துல வளந்தது என் நெலந்தானம்மா? பசு என்னோடதுன்னா கன்னும் என்னோடதுதான?" என்றார்.

தெருவில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன சேதுராக்கு காதில் அது விழுந்துவிட்டது. "கன்னு ஒங்களோடதுன்னே இருக்கட்டும் மொதலாளி, காளை யாரோடது?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனாள். பூமிநாதனே சிரித்துவிட்டார், ஆனால் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை.

தமயந்தி தட்டை எடுத்துக்கொண்டு சேதுராக்கு பின்னால் ஓடினாள். கோயில் பக்கம் வலை கட்டிக்கொண்டிருந்தவளிடம் நீட்டினாள். ஆப்பிளை ஆடுகள் தின்றன.

"பகுதி ரெண்டு வந்துச்சுன்னா என்னக்கா செய்வீங்க?"

"செய்ய என்ன இருக்கு தாயி? இப்பமே மேய்க்க எடமில்ல, தெருவு தெருவாப் பிச்சக்காரி மாதிரி ஓட்டிட்டுத் திரியிறேன். அந்தப் புல்லுலயும் வீடு கட்டிப்புட்டா, தையோட ஆட்டையெல்லாம் கசாப்புக்கு வித்துட்டு ஒங்க வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருவேன். பனியன் கம்பெனியில நூல் பிரிக்க ஆள் எடுக்காகளாம்ல?" அவள் ஒரு முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். "கண்ணத் தெறந்து பாக்குற குட்டிய விக்கத்தான் மனசு வரல. அது மட்டுந்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். கல்லைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை. தமயந்திக்கு அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அளக்கிற நாள் கார்த்திகையில் ஒரு புதன்கிழமை. விடிகாலையிலேயே ஊரும் நகரும் கூடிவிட்டது, சங்கத்தில் டீ போட்டார்கள், தாசில்தார் ஜீப்பில் வந்து வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கருவி வேண்டாம், நடந்து பார்க்கிற அளவே அளவு என்று சொல்லித் தமயந்தி செயினை எடுத்தாள். மறு முனையை ஆரோக்கியசாமி பிடித்தார். மனை மனையாக, மூலைக் கல்லிலிருந்து பட்டாவில் எழுதிய அளவைப் பிடித்து, அது முடிகிற இடத்தில் சுண்ணாம்பு வைத்து, மிச்சத்தை எழுதிக்கொண்டே போனாள். ஒருவருடைய அளவிலும் குறைவில்லை. முப்பதுக்கு நாற்பது வாங்கியவனுக்கு முப்பதுக்கு நாற்பது அப்படியே இருந்தது, சுண்ணாம்புக்கு வெளியேதான் புல் இருந்தது. மத்தியானம் தாண்டி, வெயில் சாய்ந்து, கடைசி மனையை முடித்துவிட்டு, ஆவுரிஞ்சிக் கல் மேல் நோட்டை வைத்துக் கூட்டினாள்.

பதினோரு ஏக்கர் முப்பது சென்ட்.

மறுபடி கூட்டினாள். அதே பதினோரு ஏக்கர் முப்பது சென்ட். இரண்டு சென்ட் குறைகிறதே என்று அவள் மனம் தானாகச் சொன்னது, சொன்ன பிறகுதான் எதிலிருந்து குறைகிறது என்று அவளுக்கு உறைத்தது. அவள் தூக்கிக் கொடுத்ததை, இரண்டு சென்ட் போக மீதி முழுவதையும், ஆடுகள் படுத்துப் படுத்துத் திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன. ஒருவர் வீட்டையும் இடிக்காமல், ஒருவர் பட்டாவையும் தொடாமல். அந்த இரண்டு சென்ட் எங்கே, எந்தச் சிமென்ட்டுக்கு அடியில் இருக்கிறது என்று அவள் யோசிக்கவே தேவையில்லை. கல்லைப் பிடித்துக்கொண்டாள். ஆயிரம் மாடுகள் உரசிய வழவழப்பு கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"எம்புட்டும்மா?" என்றார் பூமிநாதன்.

தமயந்தி அவரைப் பார்க்கவில்லை, தாசில்தாரையும் பார்க்கவில்லை, சேதுராக்கைப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் முதல் முறையாக நேராகப் பார்த்தாள்.

"சார், இந்த நிலம் யார் பட்டாவுலயும் இல்லாத நிலம். எந்தப் பட்டாவுலயும் சேராத நிலம் புறம்போக்கு. இது மேய்க்கால் புறம்போக்கு. எப்படிச் சொல்றேன்னா, இது புதுசா வந்த நிலம் இல்ல. நான் தொலைச்ச நிலம்." தான் கை வைத்திருந்த கல்லைக் காட்டினாள், கற்றாழைப் புதரைக் காட்டினாள், கையெழுத்துப் போட்ட தேதியைச் சொன்னாள், கிரகப்பிரவேசத்தன்று தெரிந்துகொண்டதையும் அதற்குப் பிறகு வாயைத் திறக்காததையும் சொன்னாள். "தப்பு தெரியாமப் பண்ணேன். மறைச்சது தெரிஞ்சேதான் மறைச்சேன். வேலை போனாலும் போகட்டும், இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

எல்லாரும் அவரவர் சுண்ணாம்புக் கோட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். வாங்கியது வாங்கியபடி இருந்தது. முதலில் பேசியது ஆரோக்கியசாமி. "மாடு சொறியிற கல்லப் போயி…" என்று ஆரம்பித்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் செயினைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அது ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டது, தாசில்தார் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பது போல மூடிக்கொண்டார். பூமிநாதன் மட்டும் சிரிக்காமல், கீழே குனிந்து, தன் காலடியில் இருந்த புல்லை ஒரு கொத்துப் பிடுங்கிப் பார்த்தார், பிறகு அதை ஒரு ஆட்டுக்குட்டியிடம் நீட்டினார். அடுத்த மாதம் அவருடைய விளம்பரப் பலகையில் 'மேய்ச்சல் நிலம் சூழ்ந்த மனைகள், மழைக்கு மூழ்காது' என்று புதுசாக எழுதியிருந்தது. இருந்த மனைகள் மதுரைக்காரர்களிடம் அதைச் சொல்லியே விற்றுத் தீர்ந்தன.

கூட்டம் கலைந்த பிறகு தமயந்தி சேதுராக்கிடம் போனாள். "ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"ஒன் வீட்டு விசேசத்தன்னைக்கே தெரியும். பாயசம் குடிக்கையில மூஞ்சி போன போக்கப் பாத்தேன்ல."

"ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டுருந்தா நீ இல்லைன்னுருப்ப. இல்லைன்னு ஒரு தடவ சொல்லிப்புட்டா அப்புறம் ஆமான்னு சொல்ல ஆளுக்குக் கூசும்." சேதுராக்கு கம்பைத் தோளில் போட்டுக்கொண்டாள். "கோவமில்லாம இருந்துச்சுன்னு நெனைக்காத. ராத்திரி ராத்திரி ஆட்டுக்கிட்ட ஒன்னத் திட்டிக்கிட்டுத்தான் படுப்பேன். அதுகதான் ஏதோ பண்ணிருச்சுக போல."

அதற்கு மேல் தமயந்தியால் தாங்க முடியவில்லை. அந்தத் தெருவிலேயே நின்று அழுதாள், மூக்கைச் சிந்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, ஏழு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். சேதுராக்கு தன் முந்தானையைக் கொடுத்தாள். அதில் ஆட்டு வாடை அடித்தது. தமயந்திக்கு அது அப்போது பிடித்திருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கடப்பாரை எடுத்தாள். ஏழு வருஷத்துச் சிமென்ட் லேசில் பெயரவில்லை. கை கொப்பளித்ததும் ஆரோக்கியசாமி வந்து வாங்கிக்கொண்டார், ஜெயமேரி கூடை கூடையாக அள்ளினாள், திருப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்த புருஷன், பையைக்கூட இறக்காமல், என்னடி இது என்று கேட்டுவிட்டு, பதில் கேட்ட பிறகு லுங்கிக்கு மாறிக்கொண்டு அவனும் இறங்கினான். அடியில் இருந்த மண் வெளுத்து, வெளிச்சம் பார்க்காத நோயாளி போலக் கிடந்தது. கேட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். தெருவில் வந்த மந்தை வாசலில் நின்று யோசித்தது. முன்னால் வந்த கிழட்டு ஆடு ஒன்று உள்ளே தலையை நீட்டி முகர்ந்து, இரண்டடி வைத்து, தும்மி, திரும்பிச் சேதுராக்கைப் பார்த்தது. சேதுராக்கு கம்பைக் கீழே வைத்தாள். அது முன்னங்காலை மடக்கிப் படுத்தது. பிறகு எல்லாம் படுத்தன.

தமயந்தி அன்றைக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. ஆடுகள் அசை போடுகிற சத்தம் வீட்டைச் சுற்றிலும் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்கு நடுவில் என்ன கனவு வந்ததென்று கூட அவளுக்குத் தெரியாது. ஆபீசிலிருந்து மெமோ வரும் என்பது தெரியும். அது வந்தது, அவள் எழுதியதை எழுதியபடி ஏற்றுக்கொண்டு, அவளுக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட்டை நிறுத்தி, பதினோரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட்டைச் செம்பொட்டல் மேய்க்கால் என்று பதிவேட்டில் ஏற்றி வந்தது. ஆனால் அது தை மாதத்தில். இது அதற்கு முன்னால், அந்த விடிகாலை.

பால் மணி கேட்டுப் பாத்திரத்தோடு வெளியே வந்தாள். வீட்டுப்படியிலிருந்து வாசல் வரை பதினாலு எட்டு. ஏழு வருஷமாகத் தூக்கக் கலக்கத்தில்கூட அது அவள் காலுக்குத் தெரியும். பதினாலாவது எட்டு வைத்தாள், வாசல் வரவில்லை. பதினைந்து, பதினாறு, பதினேழு. வெளுத்த மண்ணில் ஈரம் ஏறிக் கறுத்திருந்தது. திரும்பிப் படி வரைக்கும் போய், முதலிலிருந்து நடந்து வந்தாள். பதினேழு. செயின் சுவரோரம்தான் கிடந்தது, அவள் அதை எடுக்கவில்லை. இன்னொரு தரம் நடந்தாள், பாத்திரத்தை ஆட்டிக்கொண்டு, செருப்பில்லாமல்.

"என்னம்மா, வீட்டுக்குள்ளயே வாக்கிங்கா?" என்றார் பால்காரர்.

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை நீட்டினாள். "இன்னைக்கு அரை லிட்டர் கூட ஊத்துங்க. கீதாரியக்கா டீ குடிக்காமப் படுத்திருக்காக."